ஆறு வீட்டுச் சேதி

ஹோல்டிங்க் வீட்டின் பாதைப்பக்க ஜன்னல்களில் பகல் மூன்று மணிக்குத் திரை இழுத்து மூடியிருந்தது.

வேலியைத் தாண்டுகிற மரப்படியில் ஒரு காலை அந்தப் பக்கம் போட்ட கெசினா அப்படியே நின்றுவிட்டாள். அந்த வட்டாரத்தில் யாரும் திரை மூடுவதில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு சூப் குடிப்பதையும், சோபாவில் வாயைப் பிளந்து தூங்குவதையும் பாதையில் போகிறவன் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று திறந்து போட்டிருக்கிற ஜனங்கள். எங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது என்கிற திமிர். திரை மூடினால் அதற்கு ஒரே காரணம்தான், ஆறு வீட்டுக்குள் யாரோ செத்திருக்கிறார்கள்.

அவளுக்கு முதலில் வந்தது பயமில்லை, கோபம். யார் செத்தது? எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை? நானும் இந்த ஆறு வீட்டில் ஒருத்திதானே?

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, வழிகாட்ட எண் போட்டு நட்ட கம்பங்களைப் பார்த்துக்கொண்டு பதினோரு கிலோமீட்டர் வயல் வழியாகச் சுற்றி, இருட்டுவதற்குள் திரும்புவது அவள் வழக்கம். புருஷன் பெர்னார்ட் இருந்தவரை இரண்டு பேராக நடந்தார்கள். அவன் போன பிறகு அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடிகாரச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார முடியாமல் தனியாக நடந்தாள். நவம்பர் மாதத்துப் பனிமூட்டம் வாய்க்கால்களிலிருந்து கிளம்பி, புல்வெளியைத் தொட்டு, பாப்லர் மரங்களின் இடுப்புவரை ஏறி நின்றது. மக்கிய பீச் மரத்து இலையும் மாட்டுச் சாணமும் ஈரக் களிமண்ணும் கலந்த வாடை மூக்கில் அப்பிக்கொண்டது. எங்கோ ஒரு பால் கறக்கும் இயந்திரம் மூச்சு வாங்குவதுபோல இயங்கிக்கொண்டிருந்தது. வழியில் அவள் ஒரு மனுஷரைக்கூடப் பார்க்கவில்லை.

ஆனால் புல்லில் யாரோ முன்னால் நடந்த தடம் இருந்தது. வலது கால் சுத்தமாகப் பதிந்திருந்தது. இடது கால் இழுபட்டிருந்தது.

அவள் அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல ஹோல்டிங்க் வீட்டின் பின்கதவுக்குப் போனாள்.

கதவைத் திறந்த வீட்டுக்காரி டீனி கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டாள். நல்ல உடம்புக்காரி, முப்பது மாடுகளை அதட்டுகிற குரல் உள்ளவள். இப்போது ஒரு அடி பின்னால் போனாள்.

"என்னடி, பேயைப் பாத்த மாதிரி முழிக்கிறே? யாரு செத்தது? எனக்கு மட்டும் சொல்ல மாட்டீங்களா?"

"கெசினா..." டீனி அவள் தோளைத் தொட்டாள். தொட்டுப் பார்த்துவிட்டு, கையை எடுக்காமல் அழ ஆரம்பித்தாள். "நீதான்டி. நீ செத்துட்டேன்னு சொல்லிட்டுப் போனாங்க."

உள்ளேயிருந்து வந்த விம், டீனியின் புருஷன், ஒரு நிமிஷம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு பெரிதாகச் சிரித்தான். "பாரேன், செத்தவ சேத்துக்காலோட வந்து நிக்கிறா. வா, காபி குடி. செத்தவங்களுக்கும் ஒரு பிஸ்கெட்தான், ரெண்டாவது கேக்காதே."

அந்தச் சிரிப்பு சரியான சிரிப்பு இல்லை. முகத்தில் ரத்தமே இல்லாமல் சிரித்தான்.

"யாரு வந்து சொன்னது?" என்றாள் கெசினா.

"நான் கொட்டில்ல இருந்தேன், முகத்தைப் பாக்கல" என்றாள் டீனி. "பின்கதவுல நின்னு, முறைப்படி, 'கெசினா லுப்பர்ஸ் இறந்துட்டாங்க, பக்கத்து வீட்டுக்காரன் சொல்ல வந்திருக்கேன்'னு ஒரு குரல். காபி எடுத்துட்டு வந்தா ஆளைக் காணோம். படியில வெச்சேன். அப்படியே இருக்கு பாரு."

படியில் ஒரு கோப்பை நிறையக் காபி. ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது.

"பக்கத்து வீட்டுக்காரனா? எனக்கு ஏது பக்கத்து வீட்டுக்காரன்?"

அவளுக்குப் பக்கத்து வீடு எவர்ட் டாங்கிங்க் வீடு. எவர்ட் போன வருஷம் அக்டோபரில் செத்துப்போனார்.

"குரல் எப்படி இருந்துச்சு?"

விம் தரையைப் பார்த்தான். "எவனோ விளையாடுறான், விடு. மரச்செருப்புச் சத்தம் மட்டும் கேட்டுச்சு. ஒரு பக்கம் இழுத்து இழுத்து."

அந்த ஊர் முறை இதுதான். சாவு விழுந்தால் செத்தவருடைய பக்கத்து வீட்டுக்காரர் நடந்தே போய்ச் சொல்ல வேண்டும். போனில் சொல்லக் கூடாது, வண்டியில் போகக் கூடாது. பின்கதவில் நின்று பெயரைச் சொல்லி, கொடுக்கிற காபியைக் குடித்துவிட்டு, வயல் வழியே அடுத்த வீட்டுக்குப் போய்விட வேண்டும். ஹோல்டிங்க், தேயோ, ரீக், மேயிரிங்க், டாங்கிங்க், லுப்பர்ஸ். இந்த வரிசை மாறாது. செத்தவர் வீட்டுக்குக் கடைசியில் வந்து, கடிகாரத்தை நிறுத்தி, ஜன்னல்களுக்கு வெள்ளைத் துணி கட்டி, முன்கதவைத் திறக்க வேண்டும். முன்கதவு மற்ற நாளில் திறக்கிற கதவு இல்லை. கல்யாணப்பெண் உள்ளே வருவதும் பிணம் வெளியே போவதும்தான் அந்த வழி. மற்றதற்கெல்லாம் பின்கதவு. முன்கதவைத் திறந்தால் சாவு முடிந்தது, அதற்கப்புறம் செத்தவரைப் பற்றி யாரும் சந்தேகப்படுவதில்லை.

பெர்னார்ட் செத்தபோது எவர்ட்தான் நடந்தார். ஆனால் அடக்கத்தன்று, பெட்டிக்கு முன்னால் நடக்க வேண்டியவர், ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். மாடு கன்று போடுவதில் சிக்கல் என்றார். பாதிரியார் காத்திருந்தார், ஊரே குளிரில் காத்திருந்தது. கெசினா அத்தனை பேர் முன்னாலும், "உன் சாவுக்கு நான் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன்" என்று சொன்னாள். நாலு வருஷம் பேச்சு இல்லை.

போன வருஷம் அக்டோபரில் எவர்ட் வீட்டுத் திரை மூடியது. அவள் சமையலறையிலிருந்து பார்த்தால் நேரே தெரியும். முதல் நாள் பார்த்தாள். இரண்டாம் நாள் பார்த்தாள். பதினோரு நாள் பார்த்தாள். பிறகு தபால்காரன் பார்த்தான். தனியாக இருந்தவர், அடுப்புக்குப் பக்கத்தில் விழுந்து இடுப்பு ஒடிந்து கிடந்தாராம், உடனே சாகவில்லையாம், மூன்று நான்கு நாள் உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் மெல்லச் சொன்னார். அந்தப் பதினோரு நாளும் ஸ்வோலே நகரத்தில் தங்கை வீட்டில் இருந்ததாகக் கெசினா எல்லோரிடமும் சொன்னாள். நம்பினார்கள். எவர்ட்டின் சாவைச் சொல்ல யாரும் நடக்கவில்லை.

"விம், தேயோவுக்குப் போன் போடு. நான் உயிரோட இருக்கேன்னு சொல்லு."

விம் போட்டுப் பார்த்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்றான். வண்டிப் பாதை நாலு கிலோமீட்டர் சுற்று. வயல் வழியாகப் போனால் அந்த ஆளுக்கு முன்னால் போய்விடலாம்.

"யாருன்னு பாத்து ரெண்டு கேட்டாத்தான் எனக்கு மனசு ஆறும்" என்று கெசினா கிளம்பினாள். கேட் அருகே போய்த் திரும்பிப் பார்த்தாள். டீனி படியிலேயே நின்று இவள் இருக்கிற பக்கம் பார்த்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். பனிமூட்டத்தால்தான் என்று கெசினா நினைத்துக்கொண்டாள்.

தேயோ தனிக்கட்டை. பெர்னார்டுடன் படித்தவர். அவருடைய கறுப்பு நாய் டோபி இவள் வாடையை வாய்க்காலுக்கு அந்தப் பக்கமே பிடித்து, வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்து கோட்டுப் பையில் மூக்கை விடும். இன்று ஓடி வரவில்லை. கூண்டுக்குள் இருந்து அவளைப் பார்த்தது. அவள் "டோபி, வாடா" என்றதும் முனகிக்கொண்டு பின்னால் நகர்ந்து, சுவரோடு ஒட்டிக்கொண்டது.

பின்கதவுப் படியில் கோப்பை இருந்தது. ஆவி பறந்துகொண்டிருந்தது.

அவள் கதவைத் தட்டினாள். தேயோ தொப்பியை மார்பில் பிடித்துக்கொண்டு திறந்தார். கண்கள் சிவந்திருந்தன. அவள் முகத்துக்கு நேரே பார்த்தார், பிறகு இடப்பக்கம், பிறகு வலப்பக்கம்.

"யாரு?"

"தேயோ, நான்தான். கெசினா. யாரோ பொய் சொல்லிட்டுப் போயிருக்கான்."

"யாரு அங்கே?" என்றார் மறுபடியும். காதைச் சாய்த்தார், எங்கோ தூரத்தில் கூப்பிடுவதைக் கேட்கிறவர்போல. அவள் அவர் கையைப் பிடித்தாள். அவர் கையை உதறிக்கொண்டு, சிலிர்த்து, "ஆண்டவரே, அவளைப் பத்திரமா பாத்துக்கோ" என்று முணுமுணுத்துக் கதவைச் சாத்தினார். உள்ளே திரை வளையங்கள் கம்பியில் கரகரவென்று ஓடின.

கெசினா தன் கையைப் பார்த்தாள். கை இருந்தது. கையுறையின் கிழிசல் இருந்தது. கட்டைவிரலைக் கடித்தாள், வலித்தது. எனக்கு வலிக்கிறதே, நான் இருக்கிறேனே என்று வாய்விட்டுச் சொன்னாள். அந்தப் படியில் நின்று அப்படிச் சொல்ல வேண்டியிருந்ததே அவளுக்கு அழுகையாக வந்தது.

பிறகு ஓடினாள். அறுபத்து மூன்று வயதில், சேறு அப்பிய கனமான பூட்ஸில் எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு. அறுபத்தேழாம் எண் கம்பம், வாய்க்கால் பலகை, முள்கம்பி, மறுபடி ஒரு மரப்படி. மூட்டம் இப்போது மரங்களின் கழுத்துவரை வந்துவிட்டது. அதற்குள்ளிருந்து சத்தம் கேட்டது.

டக். சர்ர்ர். டக். சர்ர்ர்.

செங்கல் பாதையில் மரச்செருப்பு. ரீக்கின் வீட்டு முற்றத்தில் மட்டும்தான் செங்கல் பாதை.

அவள் போய்ச் சேர்ந்தபோது முற்றத்தில் யாரும் இல்லை. ரீக் ஜன்னலுக்கு உள்ளே நின்று திரையை இழுத்துக்கொண்டிருந்தாள். கெசினா கண்ணாடியில் உள்ளங்கையால் அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள். கண்ணாடி சத்தமே போடவில்லை. ஒரு கையகல தூரத்தில் ரீக்கின் முகம் இருந்தது, வெளியே மூட்டத்தைப் பார்த்தது, கன்னத்தைத் துடைத்துக்கொண்டது. திரை மூடிக்கொண்டது.

மூன்று வீடு முடிந்துவிட்டது.

அடுத்தது மேயிரிங்க். அதற்கு அடுத்தது எவர்ட் வீடு. அதற்கு அடுத்தது அவள் வீடு.

புல்வெளி நடுவில் அவரைப் பார்த்தாள். பழுப்புக் கோட்டு. கொஞ்சம் கூனல் முதுகு. வலது காலை வைத்து இடது காலை இழுத்து, அவசரமில்லாமல், நின்று நிதானித்து நடக்கிற நடை. நாற்பது வருஷம் வேலிக்கு மேல் பார்த்த முதுகு. அதை இன்னொருவர் என்று நினைக்க வழியே இல்லை.

"எவர்ட்!"

அவர் நின்றார். திரும்பவில்லை.

"எவர்ட், நான் பொய் சொன்னேன்! ஸ்வோலேக்குப் போகல! வீட்லதான் இருந்தேன்! திரையைப் பாத்தேன்! வரணும்னு தோணுச்சு, வரல!"

பதின்மூன்று மாதம் தொண்டையில் கிடந்தது வெளியே வந்துவிட்டது. கேட்க இரண்டு மாடுகள்தான் இருந்தன. அவையும் தலை தூக்கவில்லை. முதுகு கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு நடந்தது. டக் இல்லை, ஈரப் புல்லில் சதக் சதக்கென்று.

அவள் எவ்வளவு வேகமாகப் போனாலும் அவர் எப்போதும் ஒரு வேலி முன்னால் இருந்தார்.

மேயிரிங்க் வீட்டுப் படியில் காபி சூடாக இருந்தது. திரை மூடியிருந்தது. கெசினா அந்தப் பின்கதவில் நேராக நின்றாள். கம்பளித் தொப்பியைக் கழற்றினாள்.

"எவர்ட் டாங்கிங்க் இறந்துட்டார். நான் பக்கத்து வீட்டுக்காரி. சொல்ல வந்திருக்கேன்."

உள்ளே யாரோ மூக்கு சிந்தினார்கள். நாற்காலி நகர்ந்தது. கதவு திறக்கவில்லை.

"எவர்ட் டாங்கிங்க் இறந்துட்டார்!" என்று கத்தினாள். "நான் சொல்லியிருக்கணும்! இப்போ சொல்றேன்! யாராவது கேளுங்களேன்!"

ஒரு பெண்குரல் உள்ளே சொன்னது: "பாவம் கெசினா. தனியா கிடந்தே போயிட்டா."

மூட்டம் கருத்துக்கொண்டு வந்தது. மணி நாலரை இருக்கும். அவள் எவர்ட் வீட்டுக்கு வந்தாள். விற்கப் போட்ட பலகை சாய்ந்து கிடந்தது. ஒரு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிற வீடு. படியில் கோப்பை இல்லை. அங்கே காபி கொடுக்க யார் இருக்கிறார்கள்? சமையலறைத் திரையின் கீழ்ப்பக்கம், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி. துணி அங்கே கசங்கியிருந்தது. கீழே கிடந்த ஒருவர் பிடித்து இழுத்த மாதிரி.

அவள் குனிந்து அந்த உயரத்துக்குத் தலையை வைத்து, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, அவர் பார்த்திருக்கக்கூடிய பக்கம் பார்த்தாள்.

வயலுக்கு அந்தப் பக்கம் அவளுடைய சமையலறை. விளக்கு எரிந்தது.

அவள் விளக்கை அணைத்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தாள்.

அந்த வெளிச்சத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைத் துணி மெல்ல ஏறியது.

ஓட்டம். வாய்க்கால். பலகை வழுக்கியது. பலகையைப் பிடித்துத் தொங்கினாள், இடுப்பளவு தண்ணீர், தலைக்கு மேல் கருப்புத் தண்ணீர், பிறகு கரை, புல், கேட். பின்கதவு. சாவி. சாவி திரும்பியது, கதவு திறக்கவில்லை. உள்ளே தாழ்ப்பாள்.

காதை வைத்துக் கேட்டாள். கடிகாரச் சத்தம் இல்லை.

அந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் ஐந்து வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தாள். இப்போது அதற்காக ஏங்கினாள். ஒரு டிக். ஒரே ஒரு டிக்.

பாதையில் கைவிளக்குகள் வந்தன. டீனி, விம், தேயோ, ரீக். மடித்த விரிப்புகளும் திராட்சை ரொட்டியும் கையில். முறைப்படி நடந்தே வந்தார்கள். "டீனி!" டீனி அவள் தோளை உரசிக்கொண்டு போனாள். பின்கதவு அவர்களுக்குத் திறந்தது. விம் அழுதுகொண்டிருந்தான். "மத்தியானம் அவளைப் பாத்த மாதிரியே இருந்துச்சுடி" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனான். அவர்கள் பின்னாலேயே நுழையப் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

வீட்டின் முன்பக்கம் இரும்பு கிறீச்சிட்டது. பெர்னார்டின் பெட்டி போன நாளிலிருந்து திறக்காத கதவு. மழையில் ஊறிப் பருத்த மரம். யாரோ தோளைக் கொடுத்துத் தள்ளுகிறார்கள். ஒரு தடவை. இரண்டு தடவை.

போகக் கூடாது என்று நினைத்தாள். போனாள். வேறு எங்கே போவது? அவளைப் பார்க்கிறவர் இந்த உலகத்தில் இன்னும் ஒருவர்தான் இருந்தார்.

முன்கதவு விரியத் திறந்திருந்தது. வாசல் கல்லில் ஒரு ஜோடி மரச்செருப்பு, ஒழுங்காக, முனை உள்பக்கம் பார்த்து. எவர்ட் நிலைப்படியில் கம்பளிக் காலுறையோடு நின்றார். அடுப்புச் சாம்பல் வாடையும், அதற்குக் கீழே இன்னொரு வாடையும். முகம் விளக்குக்கு எதிர்ப்பக்கம் இருந்ததால் தெரியவில்லை. அது தெரியாமல் இருந்ததற்கு அவள் நன்றியோடு இருந்தாள்.

"எவர்ட், நான் நடந்தேன். உனக்காக. சொன்னேன். மேயிரிங்க் வீட்டுக் கதவுல."

"கேட்டேன்" என்றார். பழைய குரல்தான். கோபம் கொஞ்சமும் இல்லாத குரல். "நாலு நாள் உன் விளக்கைப் பாத்துக்கிட்டே கிடந்தேன், கெசினா. அணைப்பே, போடுவே. ஜன்னல்ல வந்து நிப்பே. இதோ கிளம்பிட்டா, இதோ வந்துடுவான்னு நினைப்பேன்."

அவள் வாசல் கல்லில் ஏறி நின்றாள்.

"கல்யாணத்தன்னிக்கு இந்தக் கதவு வழியாத்தானே உள்ளே வந்தே. போறதும் இது வழிதான்." அவர் ஒதுங்கி நின்றார். அவருக்குப் பின்னால் கூடத்தில் வெள்ளைத் துணிகள், இரண்டு நாற்காலிகளுக்கு மேல் ஒரு பலகை, பலகையைச் சுற்றிப் பெண்களின் முதுகுகள். பலகை ஓரத்தில் கிழிந்த கையுறையோடு ஒரு கை தொங்கியது, டீனியின் கையில் சீப்பு. சீப்பிலிருந்து வாய்க்கால் தண்ணீர் சொட்டியது.

"பாத்தியா" என்றார் எவர்ட். "இந்தத் தடவை நான் லேட்டா வரல."

கெசினா கீழே பார்த்தாள். மரச்செருப்புக்குப் பக்கத்தில் அவளுடைய பூட்ஸ் இருந்தது, சேறும் சகதியுமாக, முனை உள்பக்கம் பார்த்து. அவள் அதைக் கழற்றவே இல்லை. வெறுங்கால் ஈரக் கல்லில் இருந்தது, நவம்பர் மாதத்துக் கல்லில், கொஞ்சம்கூடக் குளிரவில்லை.